ஒரு வயதுப் பிள்ளைகள் இல்லாத பட்டியல்

எனக்கு ஓரிடத்தில் சும்மா இருக்க வராது. சாப்பாட்டுக்கு முன்னால் இருந்தாலும் கால் ஆடிக்கொண்டிருக்கும். தேவாலயப் பூசையில் முழங்காலில் நிற்கும்போதுகூட விரல்கள் முன் வாங்குப் பலகையின் முதுகில் எதையாவது தட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் அம்மா கிள்ளினால்தான் ஓயும். குருநகரில் இருந்த காலத்தில் என்னை ரைப்பிங் படிக்க அனுப்பியது இந்த வியாதிக்கு மருந்தாகத்தான் என்று நினைக்கிறேன். பட்டினத்தில், பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு மாடியில் வகுப்பு. இரும்பில் செய்த பழைய தட்டச்சுப் பொறிகள். பத்து விரலுக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கிற பொருளை அதற்கு முன் நான் கண்டதில்லை. ஆறு மாதத்தில் அந்த மாடியில் என்னைவிட வேகமாக அடிக்க ஆள் இல்லை. விரல்களைப் பார்க்காமல், தாளையும் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவளோடு கதைத்துக்கொண்டே அடிப்பேன். அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

பிறகு கோட்டையைச் சுற்றிச் சண்டை தொடங்கியது. அம்மாவும் நானும் குருநகரை விட்டு வெளிக்கிட்டு, கொக்குவிலில் ஒரு வீட்டின் பின் அறைக்கு வந்து சேர்ந்தோம். குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிருந்தது. ரோச் லைற்றுக்குப் பற்றரி ஒன்று வைத்திருப்பவன் பணக்காரன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்தூரான திருநெல்வேலியில் ஒரு ரியூசன் கொட்டிலில் கொம்பியூட்டர் வகுப்புத் தொடங்கினார்கள். கரண்ட் இல்லாத ஊரில் கொம்பியூட்டர் படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா, "உனக்கென்ன விசரோ?" என்று கேட்டார். விசர்தான். அந்த அறையில் இன்னும் ஒரு மாதம் சும்மா இருந்திருந்தால் அது முற்றியிருக்கும்.

முதல் பாடம் உள்ளீட்டுச் சாதனங்களும் வெளியீட்டுச் சாதனங்களும். மாஸ்ரர் கரும்பலகையின் நடுவில் ஒரு பெட்டி கீறுவார். இடப்பக்கத்திலிருந்து ஓர் அம்பு உள்ளே போகும், வலப்பக்கத்தால் ஓர் அம்பு வெளியே வரும். விசைப்பலகை, மவுஸ், ஸ்கானர் எல்லாம் இடப்பக்கம். திரை, பிரின்ரர், ஒலிபெருக்கி எல்லாம் வலப்பக்கம். அதைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்க வேண்டும். மவுஸ் என்று அவர் கீறியது கண்ணும் மீசையும் இல்லாத குறைதான், மற்றபடி முழு எலி. அதை எந்தப் பக்கத்தால் பிடிப்பது என்று கேட்டேன். "வாலிலை பிடிக்கக் கூடாது," என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது போலிருந்தது. நான் கேட்பதை விட்டுவிட்டேன்.

விசைப்பலகை மட்டும் எங்களிடம் ஆளுக்கொன்று இருந்தது. சவர்க்காரப் பெட்டி மட்டையை நீளமாக வெட்டி, கோடு போட்டு, எழுத்துகளை நாங்களே எழுதிக்கொண்டோம். அதை மடியில் வைத்து அடித்துப் பழக வேண்டும். எனக்கு அது மரண வேதனை. அழுத்தினால் கீழே போகாது, சத்தம் வராது, எதுவும் எழுதப்படாது. எவ்வளவு அடித்தாலும் உள்ளே போகும் அம்பு மட்டும்தான். பிழையாக அடித்தாலும் சரியாக அடித்தாலும் மட்டை ஒன்றும் சொல்லாது. நாற்பது பேர் மட்டையைத் தட்டுகிற அந்தக் கொட்டிலில் எனக்குச் சில நாள் எழும்பி ஓட வேண்டும் போல வரும்.

சனிக்கிழமை மட்டும் ஜெனரேற்றர் போடுவார்கள். நாலு துளி பெற்றோலைக் காட்டி எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கறுப்புப் புகை கொட்டிலுக்குள் வரும். இருவருக்குப் பத்து நிமிஷம். மற்றவர்கள் எந்த எழுத்து எங்கே என்று தேடி முடிப்பதற்குள் நான் ஒரு பந்தி அடித்துவிட்டு எழும்புவேன். மாஸ்ரர் மற்றவர்களிடம், "பாருங்கோ, உவதான் ரைப்பிங் தெரிஞ்ச பிள்ளை," என்பார். சோதனையில் உள்ளீடு, வெளியீடு பற்றி மூன்று பக்கம் எழுதினேன். நல்ல புள்ளி கிடைத்தது.

அந்தப் புள்ளியால்தான் வேலையும் கிடைத்தது. இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களுக்கு நிவாரணம் கொடுக்கும் ஓர் அலுவலகம் அப்போது பட்டினத்தில் இயங்கியது. அங்கே ஒரு கொம்பியூட்டரும் ஒரு பிரின்ரரும் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் பல்கலைக்கழகக் கம்பஸில் படித்த ஓர் அண்ணை. மெலிந்த ஆள், அவசரமே படமாட்டார். மெஷினுக்கு என்ன சொன்னால் என்ன செய்யும் என்பது அவருக்குத் தலைகீழாகத் தெரியும். ஆனால் அடிப்பது ஒற்றை விரலால். ஒரு பெயர் அடித்து முடிப்பதற்குள் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும். அதனால்தான் என்னை எடுத்தார்கள். அலுவலகத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்போம். அவர் என்னிடம், "ஒரு மாதம் செய்யுங்கோ, பிறகு பாத்துச் சொல்லுவம்," என்றார்.

முகாம்களிலிருந்து படிவங்கள் கட்டுக் கட்டாக வரும். குடும்பத் தலைவர் பெயர், வந்த ஊர், பிள்ளைகளின் பெயர், வயது. ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம்தான் ஜெனரேற்றர் ஓடும். அந்த இரண்டு மணித்தியாலமும் நான் மூச்சு விட மாட்டேன். பொம்பர் விமானச் சத்தம் கேட்டால் மற்றவர்கள் பங்கர்க் குழிக்கு ஓடும்போது நான் இன்னும் ஒரு பிள்ளையை அடித்துவிட்டுத்தான் எழும்புவேன். அண்ணை எனக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "உமக்கு விரலிலை என்ன, மெஷினோ பூட்டியிருக்கு?" என்று கேட்பார். மூன்று வாரத்தில் முடியும் என்று அவர் கணக்குப் போட்ட கட்டுகளை எட்டு நாளில் முடித்தேன்.

அப்போதுதான் பால்மா வந்தது. கப்பலில் வந்தது கொஞ்சம். எல்லாப் பிள்ளைக்கும் காணாது. பிறந்து ஒரு வயது ஆகாத குழந்தைகளுக்கு மருத்துவிச்சிமார் வேறாகப் பார்த்துக் கொடுத்தார்கள். எங்கள் பொறுப்பு ஒரு வயதுப் பிள்ளைகளும் இரண்டு வயதுப் பிள்ளைகளும். வெள்ளிக்கிழமை எங்கள் பக்கத்து முகாம்களில் கொடுத்து முடிக்க வேண்டும், மிஞ்சுவதைச் செவ்வாய்க்கிழமை காலை லொறியில் தென்மராட்சிக்கு ஏற்றிவிட வேண்டும் என்பது பெரியவரின் கட்டளை. அண்ணை வியாழக்கிழமை மெஷினிடம், வயது என்ற இடத்தில் ஒன்று, இரண்டு என்று இருப்பவர்களை எடு என்று சொன்னார். அது ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு பிரின்ரர் கத்தத் தொடங்கியது. றிபன் பழையது. முத்திரை மை விட்டுத் தோய்த்துப் பாவித்தோம். எழுத்துகள் மங்கலாக விழுந்தன. ஆனாலும் பட்டியல் பட்டியல்தான். கையால் எழுதினால் மூன்று நாள் எடுக்கும் வேலை கால் மணித்தியாலத்தில் தாளாக வெளியே வந்து தொங்கியது. அதைக் கிழித்து எடுக்கும்போது எனக்குப் பெருமை தாளவில்லை.

வெள்ளிக்கிழமை கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூட முகாமில் மேசை போட்டு நானே பட்டியலோடு இருந்தேன். தாய்மார் வரிசையில் வந்தார்கள். பெயரைக் கேட்பேன், விரலை வைத்துத் தேடுவேன், கோடு கீறுவேன், பக்கத்தில் நின்றவர் பால்மாவைக் கொடுப்பார். வெயில், சனம், பிள்ளைகளின் அழுகை. எனக்கு எல்லாம் கெதியாக முடிய வேண்டும். அப்போது ஒரு தாய் வந்தார். வடக்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பம். பெயரைச் சொன்னார். தேடினேன், இல்லை.

"லிஸ்டிலை இல்லை அக்கா."

"பதிஞ்சனாங்கள் தங்கச்சி. விதானையார் வந்து எழுதிக்கொண்டு போனவர்."

"எழுதியிருந்தால் வந்திருக்கும். இது கொம்பியூட்டர் எடுத்த லிஸ்ட், பிழைக்காது."

"லிஸ்டிலை இல்லாட்டிலும் பிள்ளை இடுப்பிலை இருக்கிறான்தானே."

"பின்னுக்கு ஆக்கள் நிக்கினம் அக்கா. தள்ளி நில்லுங்கோ."

அவர் தள்ளி நின்றார். போகவில்லை. மேசையின் ஓரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பிறகும் சிலர் அப்படி வந்தார்கள், பெயர் இல்லாமல். எனக்கு எரிச்சல் வந்தது. பால்மா என்றதும் பதியாதவர்களும் வந்து நிற்கிறார்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. கடைசியில் பால்மா மிஞ்சியது. வரிசை முடிந்து, சனம் போய், இன்னும் பெட்டிகள் இருந்தன. நான் அதைக் கெட்டித்தனம் என்று நினைத்தேன். சைக்கிளில் வீடு திரும்பும்போது பாட்டுக்கூட முணுமுணுத்தேன்.

சனிக்கிழமை காலை கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போதுதான் மனம் அதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தது. பால்மா வாங்கிய தாய்மார்களின் பிள்ளைகள் எல்லாம் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவை. சில, தாயை விட்டு ஓடித் திரிந்தவை. நான் தள்ளி நில்லுங்கோ என்று சொன்னவர்கள் எல்லோரும் பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தார்கள். தோய்த்த உடுப்பை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிப் பையிலிருந்து பட்டியலை எடுத்தேன். வயது எழுதிய வரிசையில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். இரண்டு, இரண்டு, இரண்டு. அடுத்த தாள், அதுவும் இரண்டு. முழுப் பட்டியலிலும் ஒரு வயதுப் பிள்ளை ஒன்றுகூட இல்லை. இத்தனை முகாமிலும் போன வருஷம் ஒருத்தரும் பிள்ளை பெறவில்லையா?

ஈரக் கையோடு சைக்கிளை எடுத்துத் திருநெல்வேலியில் இருந்த அண்ணையின் வீட்டுக்கு மிதித்தேன். அண்ணை சந்தையால் வந்து கத்தரிக்காய்ப் பையை இறக்கிக்கொண்டிருந்தார். தாளைக் காட்டினேன்.

"உங்கடை மெஷின் ஒரு வயசுப் பிள்ளையள் எல்லாரையும் விட்டிட்டுது."

அவர் பார்த்தார், நிதானமாக, கடைசித் தாள் வரைக்கும். "மெஷின் விடாது. நீர்தான் அடிக்கேக்கை விட்டிருப்பீர்."

"நான் ஒரு பிள்ளையையும் விடேல்லை. ஒண்டொண்டாப் பாத்து அடிச்சனான்."

"அப்ப மெஷினுக்குள்ளை இருக்கும். திங்கக்கிழமை பாப்பம்."

"படிவத்தைப் பாத்துக் கையாலை எழுதிக் குடுக்கேலாதோ?"

"படிவம் ஒஃபிசுக்குள்ளை. கதவுத் துறப்பு பெரியவரிட்டை, அவர் பருத்தித்துறைக்குப் போட்டார். கையாலை எழுதினால் அந்தாள் கையெழுத்தும் வைக்காது. கொம்பியூட்டர் லிஸ்ட் எண்டால்தான் ஸ்ரோரைத் துறப்பினம்."

"இண்டைக்கே மெஷினைப் போட்டால்?"

"மண்ணெண்ணெய் திங்கள்தான் வரும். கொஞ்சம் பொறுமையா இரும்."

பொறுமையாக இரு என்று என்னிடம் சொல்வது மீனிடம் மரத்தில் இரு என்பதுபோல. அந்த இரண்டு நாளையும் நான் எப்படிக் கழித்தேன் என்று இன்றைக்கும் கேட்கக் கூடாது. பிள்ளைகளின் வயதை நான் அடித்திருக்கிறேன், என் விரலுக்குத் தெரியும். அது அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஆனால் பார்க்க வழியில்லை. திரை இருட்டு, பிரின்ரர் ஊமை. செவ்வாய் காலை லொறி போனால் மிஞ்சின பால்மாவும் போய்விடும். ஞாயிறு பூசையில் சாமியார் என்ன பிரசங்கித்தார் என்று தெரியாது. எனக்கு முன்னால் இருந்த பெண்ணின் தோளில் ஒரு குழந்தை தூங்கியது. அதற்கு என்ன வயதிருக்கும் என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன். அம்மா இரண்டு தரம் கிள்ளினார். வீட்டுக்கு வந்து, "உனக்கு என்ன நடந்தது?" என்று கேட்டார். மெஷின் பிழை விட்டிட்டுது என்றேன். அண்ணையின் மேல் கோபம், மெஷினின் மேல் கோபம், முகாமில் படிவம் எழுதிய விதானையாரின் மேலும் கோபம். என் மேல் மட்டும் ஒரு துளியும் இல்லை.

திங்கட்கிழமை மண்ணெண்ணெய் பதினொரு மணிக்குத்தான் வந்தது. ஜெனரேற்றர் இருமி இருமி நின்றது. மூன்றாம் தரம் கயிற்றை நானே பறித்து இழுத்தேன். பிடித்துக்கொண்டது. திரை வந்ததும் அந்த வடக்குக் கரைக் குடும்பத்தைத் தேடி எடுத்தோம். தாயின் பெயர், ஊர், பிள்ளையின் பெயர், பக்கத்தில் வயது ஒன்று. பச்சை எழுத்தில் தெளிவாக இருந்தது.

"பாருங்கோ," என்றேன். "நான் அடிச்சிருக்கிறன். உங்கடை மெஷின்தான் பொட்டை." கண் தெரியாததை ஊரில் பொட்டை என்போம். அந்தச் சொல்லை நான் அவ்வளவு ஆசையோடு சொன்னேன்.

அண்ணை குனிந்தார். திரைக்குக் கிட்ட மூக்கை வைத்தார். பிறகு தன் ஒற்றை விரலால் என் ஒன்றுக்குப் பக்கத்தில் இன்னொரு ஒன்றை அடித்தார். இரண்டும் சேர்ந்து நின்றபோது ஒரு சின்ன வித்தியாசம் தெரிந்தது. தலையில், மயிரிழை அளவு.

"நீர் ஒண்டை எந்தக் கீயிலை அடிக்கிறனீர்?"

"எல்லாரும் அடிக்கிற கீயிலைதான்." அடித்துக் காட்டினேன். வலது கை மோதிர விரல், நடு வரிசை.

"அது எல் எழுத்தெல்லோ?"

"ஓம். சின்ன எல்தான் ஒண்டு."

"உதை ஆர் உமக்குச் சொன்னது?"

"ரைப்பிங் வகுப்பிலை. ரைப்ரைட்டரிலை ஒண்டுக்கு வேறை கீ இல்லை. ரெண்டிலையிருந்துதான் துவங்கும்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அது புதிய செய்தி. அவர் வாழ்க்கையில் ஒரு ரைப்ரைட்டரைத் தொட்டதில்லை. எனக்கு நான் சொன்னதே அப்போதுதான் புதிய செய்தியானது. தாளில் அடிக்கும்போது எல்லும் ஒன்றும் ஒரே கோடு. படிக்கிற மனிதர் ஒன்று என்று எடுத்துக்கொள்வார், ஆறு மாதம் என்னைத் திருத்தியவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பெட்டி மனிதர் இல்லை. நான் எழுத்தைக் கொடுத்தேன், அது எழுத்தை வைத்திருந்தது. எண்ணைக் கேட்டபோது அதனிடம் எண் இல்லை. விசைப்பலகையின் மேல் வரிசையில் இடது மூலையில் ஒன்று என்று ஒரு விசை இருந்தது. மட்டையில் அதை நானே என் கையால் எழுதியிருக்கிறேன். ஒரு நாளும் அதை அழுத்தியதில்லை.

கதிரையில் இருக்க முடியவில்லை, எழும்பவும் முடியவில்லை. வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ஒரு மணித்தியாலத்துக்குத்தான் எண்ணெய் இருக்கு," என்றார் அண்ணை. "இரும், திருத்தும்."

எங்கள் பக்கத்து முகாம்களின் ஒவ்வொரு குடும்பமாக எடுத்து, எல் எழுத்தை அழித்து, ஒன்றை அடித்தேன். சின்ன விரலை அவ்வளவு தூரம் நீட்டப் பழக்கமில்லை. ஒவ்வொரு தரமும் விரல் தன்பாட்டில் எல்லுக்குத்தான் போனது. பிடித்து இழுத்து மேலே கொண்டுபோக வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் நான் மெதுவாக அடித்தது அந்த ஒரு மணித்தியாலம்தான். பிரின்ரர் கடைசித் தாளை முடித்து இரண்டு நிமிஷத்தில் ஜெனரேற்றர் நின்றது.

பெரியவர் பின்னேரம் வந்தார். பட்டியலை வாங்கிப் பார்த்துவிட்டு, இது என்ன இரண்டாவது லிஸ்ட் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை, "கொம்பியூட்டரிலை ஒரு சின்னக் கோளாறு சேர். இப்ப சரி," என்றார். பெரியவர் தலையாட்டிக் கையெழுத்து வைத்தார். ஸ்ரோர் திறந்தது. பால்மாப் பெட்டிகள் லொறிக்குப் போகாமல் நின்றன. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர் பார்த்துச் சொல்வதாகச் சொன்ன மாதம் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது. அதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை முகாம்களுக்குக் கொடுத்துக்கொண்டு வந்தோம். அந்தப் பள்ளிக்கூடத்தில் மற்றத் தாய்மார் எல்லோரும் வந்தார்கள், வடக்குக் கரைத் தாய் மட்டும் வரவில்லை. சனிக்கிழமையே முகாமை விட்டு, றெயில் பாதைக்கு அங்கால் ஒரு வளவுக் காணியில் கொட்டில் போட்டுப் போய்விட்டார்களாம். அவருக்குரிய பால்மாவைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு நானே தேடிப் போனேன். பங்கர் கட்டத் தண்டவாளம் கழற்றிய பாதையில் சல்லிக் கல்லுக்கு மேலால் சைக்கிளை உருட்டினேன். மூன்று வளவு பிழையாக ஏறி இறங்கினேன்.

நாலாவது வளவில் அவர் இருந்தார். கொட்டில் வாசலில் இருந்து ஒரு கிளாஸில் பாலில்லாத பிளேன்ரீயை ஆற்றி, கரண்டியால் பிள்ளைக்குப் பருக்கிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார். எழும்பவில்லை.

"இந்தாங்கோ அக்கா, பால்மா," என்றேன். "உங்கடை பேர் இப்ப லிஸ்டிலை வந்திட்டுது. அண்டைக்குக் கொம்பியூட்டரிலை ஒரு கோளாறு."

அவர் கையை நீட்டவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, பிள்ளையை மடியிலிருந்து தூக்கி எனக்கு முன்னால் நிலத்தில் நிற்க வைத்தார். அது தாயின் இரண்டு விரலையும் பிடித்துக்கொண்டு ஆடி ஆடி நின்றது. கீழ் முரசில் இரண்டு பல். தேயிலைச் சாயம் நாடியில் வழிந்திருந்தது.

"இவனுக்கு என்ன வயசெண்டு பாத்துச் சொல்லுங்கோ தங்கச்சி," என்றார்.

பார்த்தேன்.

"ஒரு வயசு அக்கா."

"அண்டைக்கும் உந்த வயசுதான்," என்றார்.